சாவி வாங்கும் முன்

திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி ஒரு மாத லீவுக்கு வருகிற பிள்ளைகளும், பெங்களூரிலிருந்து கல்யாணத்துக்கும் கொடைக்கும் நாகர்கோவில் வந்து சேர்கிறவர்களும் இப்போது என்னிடம் கேட்பது இதைத்தான்: "அண்ணாச்சி, கம்பெனியில வண்டி எடுக்கணுமா, இல்ல ஆளுகிட்ட நேரா வாங்கணுமா?" வாடகைக் கார் ஓட்டியே குடும்பத்தைக் கரையேற்றியவன் நான். நாள் வாடகை எவ்வளவு, எத்தனை கிலோமீட்டர் என்று எல்லோரும் துருவித் துருவிக் கேட்கிறார்கள். வண்டி எங்காவது இடித்தால் யார் பதில் சொல்வார் என்று கேட்பவர்கள் குறைவு. நான் சொல்லப் போவதெல்லாம் அந்தக் கேள்விக்காகத்தான், மக்களே.

1. முதலில் நம்பர் பலகையைப் பாருங்கள். வெள்ளையில் கறுப்பு எழுத்து என்றால் ஓன் போர்டு, சொந்த உபயோகத்துக்கு மட்டும். மஞ்சளில் கறுப்பு எழுத்து டாக்சி, டிரைவரோடு வரும். கறுப்பில் மஞ்சள் எழுத்து இருந்தால் அது நீங்களே ஓட்டிப் போவதற்காக வாடகைக்கு விட உரிமம் வாங்கிய வண்டி. பச்சைப் பலகை மின்சார வண்டி. அதிலும் வெள்ளை எழுத்து சொந்த வண்டி, மஞ்சள் எழுத்து வாடகை வண்டி. செயலியில் வண்டியின் படம் போட்டிருந்தால் பலகை தெரிகிறதா என்று பாருங்கள். பலகையை மறைத்த படம் என்றால் முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

2. பலகையின் நிறத்துக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் வாடகைக் கார் திட்டப்படி, கார்களை ஓட்டிப் போகக் கொடுக்கும் உரிமம் வேண்டுமானால் ஒருவர் கையில் குறைந்தது 50 வண்டிகள் இருக்க வேண்டும். இருசக்கர வண்டிகளுக்கு 1997இல் தனித் திட்டம் வந்தது, அதற்கு 5 போதும். உரிமம் உள்ள வாடகைக் கார் எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும். பிரேக்கையும் விளக்கையும் ஒரு அதிகாரி பார்த்திருப்பார். ஓன் போர்டு காரை 15 ஆண்டு வரை அப்படி யாரும் கட்டாயமாகப் பார்ப்பதில்லை. பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது. கொடுத்தவருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், ஓட்டியவரையும் அந்தப் பிரிவு பிடிக்கும்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நம்முடையது போன்ற சின்ன மாவட்டத்தில் 50 கார் வாங்கிப் போட யாரால் முடியும்? நாலைந்து வண்டி வைத்து நேர்மையாகத் தொழில் செய்ய நினைக்கிற மார்த்தாண்டத்துப் பையனுக்கு இந்தச் சட்டத்தில் வாசல் இல்லை. அந்த எண்ணைக் குறைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் குறைக்கும் வரை சட்டம் சட்டம்தான். விபத்து நடந்த அன்று நம் கருத்தை யாரும் கேட்கப் போவதில்லை.

3. ஆளிடம் நேரே வண்டி வாங்குவது செயலிகள் வந்த பிறகு பிறந்த பழக்கம் என்று எண்ண வேண்டாம். கல்ஃபில் இருப்பவர் ஆசைப்பட்டு வாங்கிய கார் வீட்டு முற்றத்தில் உறை போட்டு நிற்கும். வீட்டுக்காரர்கள் தெரிந்தவர்களுக்கு நாள் கணக்கில் கொடுப்பார்கள். தக்கலை, குளச்சல், மார்த்தாண்டம் பக்கம் இது எல்லோரும் அறிந்ததுதான். செயலிகள் அதையே முகம் தெரியாதவர்களுக்கு நடுவில் நடத்துகின்றன. கம்பெனி வகையை எடுத்துக்கொண்டால், 1918இல் சிகாகோவில் ஒரு டஜன் ஃபோர்டு கார்களோடு தொடங்கிய கடைதான் பின்னாளில் ஹெர்ட்ஸ் ஆனது. அங்கே வண்டியும் பொறுப்பும் கம்பெனியுடையது. 2010இல் பாஸ்டனில் ரிலேரைட்ஸ் என்று தொடங்கி இப்போது டூரோ என்று அறியப்படும் சேவையில் வண்டி வேறொருவருடையது, நடுவில் நிற்பது கம்பெனி. 2013இல் பெங்களூரில் தொடங்கிய ஜூம்கார் முதலில் தன் கையில் கார்களை வைத்து வாடகைக்கு விட்டது, பிறகு அடுத்தவர் கார்களைச் சேர்த்துக் கொடுக்கும் வழிக்கு மாறியது. ஆகவே ஒரு பெயரைக் கேட்டதும் கம்பெனி வண்டியா அடுத்தவர் வண்டியா என்று முடிவு செய்துவிடாதீர்கள். உங்களுக்கு வரப் போகிற வண்டியின் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள்.

4. இன்சூரன்ஸ் விஷயத்தை நிதானமாகப் படியுங்கள், இதில்தான் குடும்பங்கள் மூழ்குகின்றன. ஓன் போர்டு காரின் பாலிசியில் வண்டியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு பகுதி இருக்கும். வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டுவது சேராது என்று அதில் எழுதியிருக்கும். வாடகைக்கு ஓடியது தெரிய வந்தால் நொறுங்கிய வண்டிக்குக் கம்பெனி கையை விரித்துவிடும். அடிபட்டவருக்கு இழப்பீட்டை முதலில் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கட்டும் என்று நீதிமன்றம் சொன்னாலும், அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளவும் அனுமதிக்கலாம். லட்சக்கணக்கில் வரும். முற்றத்தில் சும்மா நிற்கும் காருக்கு நாலு காசு கிடைக்கட்டும் என்று கொடுத்தவர் வீட்டை விற்க வேண்டி வரும்.

2024 டிசம்பர் 2 இரவு, மழையில், ஆலப்புழா அருகே களர்கோட்டில் ஒரு கார் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்சில் மோதியது. காரில் இருந்த மருத்துவக் கல்லூரி மாணவர்களில் ஆறு பேர் இறந்தார்கள். வண்டி ஓன் போர்டு. அதை வாடகைக்குக் கொடுத்ததாகக் கண்டு கேரள மோட்டார் வாகனத் துறை உரிமையாளர் மேல் நடவடிக்கை எடுத்தது. உறவுக்கும் நட்புக்கும் வண்டியைக் கொடுக்கலாம், பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கக் கூடாது என்று அங்கே துறையே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. களியக்காவிளை தாண்டி அடிக்கடி போய் வருகிற நம் பிள்ளைகள் இதை மறக்கவே கூடாது.

5. ஓட்டுகிறவனுக்கு நேர்வது இன்னும் பலருக்குத் தெரியவில்லை. அடுத்தவர் வண்டியை வாங்கி ஓட்டுபவர் அந்த நேரத்தில் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என்று உச்ச நீதிமன்றம் 2009இல் நிங்கம்மா வழக்கிலும், 2020இல் ராம்கிலாடி வழக்கிலும் சொல்லியிருக்கிறது. அதாவது அவர் மூன்றாம் ஆள் ஆகமாட்டார். அவர் இறந்துபோனால், தான் ஓட்டிய வண்டியின் இன்சூரன்சில் மூன்றாம் ஆளுக்குரிய இழப்பீட்டை அவர் குடும்பம் கேட்க முடியாது. பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் வண்டியை ஓட்டும் உரிமையாளருக்கானது. எனவே கம்பெனி வண்டியோ, மச்சான் வண்டியோ, உங்கள் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்து வையுங்கள். கட்ட வேண்டியது பெரிய தொகை இல்லை. இதைச் செய்யாமல் வண்டி ஓட்டும் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் எனக்கு வயிறு கலங்குகிறது.

6. செயலியில் பயணப் பாதுகாப்பு என்று ஏதோ ஒரு பெயரில் கூடுதலாகக் காசு கேட்பார்கள். பெரும்பாலும் அது, சேதம் வந்தால் உங்களிடம் வசூலிக்கும் தொகைக்கு ஒரு வரம்பு. இன்சூரன்ஸ் பாலிசி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் அதில் சேருமா என்று பாருங்கள்.

7. லைசென்சில் தேதி பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும்போதே காலாவதி ஆகியிருக்கும், கவனித்திருக்க மாட்டீர்கள். முன்பிருந்த 30 நாள் சலுகை இப்போது கிடையாது. ஓராண்டு தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். காலாவதியான லைசென்சோடு எந்த வண்டி எடுத்தாலும், மேலே நான் சொன்ன எந்தப் பாதுகாப்பும் கைகொடுக்காது.

8. கல்ஃபில் ஓட்டிப் பழகியவர்கள் சாலையின் வலப்பக்கம் ஓட்டியவர்கள். நம் ஊரில் இடப்பக்கம். நேர்ச்சாலையில் மனம் சரியாக இருக்கும். பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போதும், ஆள் நடமாட்டம் இல்லாத விடியற்காலைச் சந்திப்பிலும் கை தானாக வலப்பக்கம் திரும்பும். இரவு முழுக்க விமானத்தில் இருந்துவிட்டு, அங்கிருந்தே செல்ஃப் டிரைவ் எடுத்து, பாறசாலை, களியக்காவிளை, குழித்துறை, தக்கலை என்று அந்தக் குறுகிய சாலையில் நாகர்கோவில் வரைக்கும் ஓட்டி வருவேன் என்கிறவர்களை நான் கையைப் பிடித்துத் தடுப்பேன். முதல் நாள் மஞ்சள் போர்டு வண்டி பிடியுங்கள். டிரைவருக்கு வாடகையும் பேட்டாவும் கொடுத்து, பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வாருங்கள். இரண்டு நாள் கழித்து ஓட்டலாம்.

9. வண்டியைப் பகல் வெளிச்சத்தில் வாங்குங்கள். நாலு பக்கமும் சுற்றி, கூரை, பம்பரின் அடி, உள்சீட்டு, கிலோமீட்டர், எரிபொருள் முள் எல்லாம் தெரிய ஒரு வீடியோ எடுத்து, வண்டி கொடுப்பவருக்கு அப்போதே அனுப்புங்கள். கம்பெனியில் ஒரு தாளில் கீறலைக் குறித்துக் கையெழுத்து வாங்குவார்கள், ஆளிடம் வாங்கும்போது அந்தத் தாளை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்த டயர். பூ தேயாமல் பளபளவென்று இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கும். ஓடாமல் நின்ற கல்ஃப்காரர் வண்டிகளில் இது சாதாரணம். ஸ்டெப்னியில் காற்று, ஜாக்கி, வீல் ஸ்பேனர் பாருங்கள். முட்டம், குளச்சல், மணக்குடி மாதிரி கடலோரத்தில் நின்ற வண்டி என்றால் குனிந்து அடியைப் பாருங்கள், உப்புக்காற்று பிரேக் குழாயையும் சைலன்சரையும் தின்றிருக்கும். ஒரு தெரு தூரம் ஓட்டி பிரேக் பிடித்துப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

10. அசல் பாஸ்போர்ட்டையோ அசல் லைசென்சையோ யாரிடமும் ஈடாக விடக் கூடாது. ஆதார் கேட்டால் எண்ணை மறைத்த பிரதி போதும், அரசே அப்படி ஒன்றைக் கொடுக்கிறது. சிலர் உங்கள் பைக்கையும் ஆர்.சி.யையும் பிடித்து வைத்துக்கொள்வார்கள். அந்த பைக் ஒரு மாதம் எங்கே ஓடும் என்பது உங்களுக்குத் தெரியாது. முன்பணத்தைக் கணக்கு வழியாகக் கொடுங்கள், எப்போது திரும்பும் என்று எழுத்தில் வாங்குங்கள். முன்பணத்தைத் திருப்பித் தருவதில் பெரிய கம்பெனிகளும் இழுத்தடிப்பது உண்டு. அங்கே புகார் கொடுக்க ஒரு அலுவலக முகவரியாவது இருக்கும்.

11. இத்தனையும் சொல்லிவிட்டு ஆளிடம் வாங்குவதில் நன்மையே இல்லை என்று சொன்னால் அது நியாயம் ஆகாது. வாடகை குறைவு, வீட்டு வாசலில் வண்டி, கம்பெனியில் கிடைக்காத ஏழு பேர் வண்டி. கறுப்புப் போர்டு உள்ளவர் என்றால் தாராளமாக வாங்குங்கள். சொந்தக்காரர் வண்டி என்றால் வாடகைப் பேச்சே வேண்டாம். டீசல் நிரப்பி, கழுவி, வேண்டுமானால் ஒரு சர்வீஸ் செய்து கொடுங்கள்.

12. வண்டியைக் கொடுக்க நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாத வாடகை தருகிறேன் என்று கார்களைத் திரட்டி, அவற்றை வேறொருவரிடம் அடகு வைத்துவிட்டு மறைகிற மோசடி தமிழ்நாடு முழுக்க நடந்திருக்கிறது. நம் மாவட்டம் எல்லையில் இருக்கிறது. ரேஷன் அரிசியை ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குள் போகிற வண்டிகள் பிடிபடுவது பத்திரிகையில் வந்துகொண்டே இருக்கிறது. அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில் வண்டியையே பறிமுதல் செய்யலாம். கஞ்சா என்றால் இன்னும் கடினம். எனக்குத் தெரியாமல் நடந்தது, நான் எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தேன் என்று உரிமையாளர்தான் நிரூபிக்க வேண்டும். போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் வெயிலிலும் மழையிலும் கிடக்கும் கார்களைப் பாருங்கள், அவற்றில் எத்தனையோ யாரோ ஒருவர் கடல் கடந்து உழைத்து வாங்கியவை.

13. கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க வாடகை பைக் எடுப்பவர்கள் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் இரண்டு கேட்டு வாங்குங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பைக்கில் போகாதீர்கள். காற்றாலைகளை அங்கே நிறுத்தியதற்குக் காரணமான அதே காற்று, லாரி கடந்து போகும் நொடியில் பைக்கைப் பக்கவாட்டில் தள்ளும். திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம், பேச்சிப்பாறை என்றால் சின்ன கார் எடுங்கள். அந்த வழிகளில் எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும்.

14. விபத்து நடந்தால் முதலில் 108. அடிபட்டவரை விட்டுவிட்டு வண்டிக்காரருக்கு போன் செய்துகொண்டு நிற்காதீர்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்து என்றால், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. எந்த மாநிலத்தவரானாலும் கேட்கலாம். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனை. போலீசுக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே வண்டி எப்படி உங்கள் கைக்கு வந்தது என்று கேட்பார்கள். நண்பர் சும்மா கொடுத்தார் என்று சொல்லச் சொல்லி உரிமையாளர் கெஞ்சலாம். சொல்லாதீர்கள். பணம் போன கணக்கு உங்கள் போனிலேயே இருக்கிறது, பொய் சொன்னால் வழக்கு உங்கள் பக்கமும் திரும்பும்.

15. மாசியில் மண்டைக்காடு கொடை, நவம்பர் கடைசியிலிருந்து கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா, அதை ஒட்டியே சபரிமலை சீசன், கிறிஸ்துமஸ் லீவு. இந்த நாட்களில் நல்ல வண்டிகள் முன்னாலேயே போய்விடும். கடைசி நேரத்தில் கிடைப்பது யாரும் எடுக்காத வண்டியாக இருக்கும். டிக்கெட் போடுகிற அன்றே வண்டியையும் சொல்லி வையுங்கள். ஆர்.சி., பாலிசி, தகுதிச் சான்று மூன்றின் படத்தையும் அப்போதே வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கி, பாலிசி முடியும் தேதி நீங்கள் ஊர் திரும்பும் நாளுக்குப் பிறகு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.