தீர்வு சொல்லும் மனு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

“அழுத பிள்ளை பால் குடிக்கும்” என்பது பழமொழி. நம் ஊர்ப்புறங்களில் மனு எழுதுவோர் பலரும் இப்பழமொழியை நம்பியே எழுதுகின்றனர். “ஐயா அவர்கள் கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்” என்று மனு முடிந்துவிடுகிறது. ஆவன என்றால் எவை? யார் செய்வது? எப்படிச் செய்வது? இவற்றுக்கு மனுவில் விடை இராது. குறையைச் சொல்வது மனுவின் ஒரு பாதி. தீர்வைச் சொல்வது மறு பாதி. அம்மறு பாதியைப் பற்றியதே இக்கட்டுரை.

என் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். மேல்மலையனூர்ப் பக்கத்தில் ஒருவன் கல்லூரிக்குப் போகிறான் என்றால், “ஒரு மனு எழுதிக் கொடு தம்பி” என்றுதான் தெருவார் முதலில் கேட்பார்கள். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், தெருக்குழாய் எனத் தேவைகள் பல. ஆகவே மனு எழுதும் கலை நம்மைப் போன்றவர்களுக்கு இன்றியமையாதது.

காட்டன் காட்டிய வழி

இதற்குச் சிறந்த சான்று ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர். 1836-ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே அணைகள் எழுப்பியவர் அவர். நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்து வீராணம் ஏரிக்கு அவற்றுள் ஒன்றான கீழணையிலிருந்துதான் வடவாறு வழியாக நீர் வருகிறது.

அந்நாளில் கோதாவரிப் பகுதி பஞ்சத்தால் நலிந்திருந்தது. 1833-ஆம் ஆண்டுப் பஞ்சம் மிகக் கொடியது. காட்டன் 1844-இல் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். வளமான மண் இருக்கிறது. பெரிய ஆறு இருக்கிறது. ஆயினும் நீர் கடலுக்கே போகிறது என்று குறையைக் காட்டினார். அதோடு நிற்கவில்லை. தவளேஸ்வரத்தில் அணை கட்டலாம் என்று இடத்தைச் சொன்னார். செலவைக் கணக்கிட்டார். பாசனத்தால் செழித்த தஞ்சையோடு ஒப்பிட்டு வரக்கூடிய பயனைக் காட்டினார். மணற்படுகையில் அணை நிற்குமா என்ற ஐயத்துக்குக் கொள்ளிடமே விடையாக நின்றது. கம்பெனி ஆட்சியின் கண் வருவாயின் மேல் இருந்தது என்பதை அறிந்து, வருவாய்க் கணக்கையும் முன்வைத்தார். 1847-இல் வேலை தொடங்கியது. 1852-இல் அணை முடிந்தது. அவ்வறிக்கையில் இரக்கம் உண்டு. ஆனால் இரக்கத்தை மட்டும் நம்பி அது எழுதப்படவில்லை.

நம் ஊர்ச் சான்று

அணை பெரிய செய்தி. இனி ஒரு பேருந்தை எடுத்துக்கொள்வோம். மேல்மலையனூரில் அமாவாசை இரவில் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம் காண மக்கள் வெள்ளமெனத் திரள்வர். அன்று சிறப்புப் பேருந்துகள் விடப்படுகின்றன. காரணம், அக்கூட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. சுற்றுச் சிற்றூர்களில் காலை நேரத்தில் நிறுத்தத்துக்கு நான்கைந்து பேராக நிற்கும் மாணவர் கூட்டமோ எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. இலவசப் பயண அட்டை கையில் இருந்தும், ஏறுவதற்கு உரிய நேரத்தில் பேருந்து இல்லை. முதல் பாடவேளை போகிறது. வருகைப் பதிவு குறைகிறது. “தினமும் இப்படி அலைய வேண்டுமா?” என்று பெற்றோர் பெண்பிள்ளைகளின் படிப்பை நிறுத்திவிடுகின்றனர். தெரியாத கூட்டத்தைத் தெரியவைப்பதே மனுவின் வேலை.

“எங்களுக்குப் பேருந்து வேண்டும்” என்று எழுதினால், “வண்டி இல்லை” என்ற ஒரு சொல்லில் விடை வந்துவிடும். மாறாக, எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் என்று ஒரு வாரம் எண்ணி அட்டவணையாக்குவோம். “புதிய பேருந்து கேட்கவில்லை, இப்போது ஓடும் வண்டியை முக்கால் மணி முன்னதாக எடுத்தால் போதும்” என்று எழுதுவோம். வழக்கமாக அதில் செல்லும் வியாபாரிகளும் கூலி வேலைக்குப் போவோரும் பாதிக்கப்படுவார்களா என்பதையும் கேட்டறிந்து சேர்ப்போம். “ஒரு மாதம் சோதனையாக விட்டுப் பாருங்கள்” என்று முடிப்போம். மறுப்பதற்கு இனிக் காரணம் தேட வேண்டும். ஒப்புவதற்கோ ஒரு கையெழுத்துப் போதும்.

மனுவின் உறுப்புகள்

ஆய்வகப் பதிவேட்டில் நோக்கம், செய்முறை, அளவீடுகள், முடிவு என்று எழுதுகிறோம் அல்லவா? மனுவுக்கும் அவ்வாறே ஓர் ஒழுங்கு உண்டு.

1. குறை: இரண்டு மூன்று வரிகளில், மிகையின்றி.
2. சான்று: எண்ணிய கணக்கு, நாள், இடம்.
3. தீர்வு: செய்ய வேண்டிய ஒரே செயல், அதைச் செய்ய அதிகாரம் உடையவர்.
4. செலவும் பயனும்: யாருக்கு எவ்வளவு.
5. தடைக்கு விடை: அவர் கேட்கக்கூடிய கேள்விக்கு நாமே முன்கூட்டிச் சொல்லும் பதில்.

ஒரு மனுவில் ஒரு பொருளே இருக்கட்டும். பட்டாவையும் குழாயையும் ஒரே தாளில் கேட்டால் இரண்டும் இரு அலுவலகங்களுக்கிடையே அலையும். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தாலும், கிராம சபையில் தீர்மானமாக வைத்தாலும், நகல் ஒன்றையும் ஒப்புகைச் சீட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் விசாரிக்கச் செல்லும்போது அவையே நமக்குத் துணை.

முடிவுரை

இத்தனையும் செய்தாலும் சில மனுக்கள் தோற்கும். ஆயினும் கணக்கோடு எழுதிய மனு வீண்போவதில்லை; அடுத்த ஆண்டு அதே கணக்கின்மேல் அடுத்தவர் எழுதலாம். கைநாட்டு வைத்த தலைமுறை கும்பிட்டுக் கேட்டது. கையெழுத்துப் போடும் தலைமுறை வழி சொல்லிக் கேட்க வேண்டும். நண்பர்களே! உங்கள் தெருவில் அடுத்த முறை யாரேனும் “மனு எழுதிக் கொடு” என்று தாளை நீட்டினால், பேனாவைத் திறக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: “இதற்கு என்ன செய்தால் சரியாகும்?” அதற்கு விடை கிடைத்த பிறகு எழுதத் தொடங்குங்கள்.