மாரிஸ் மைனரின் கார்புரேட்டரைப் பிரிப்போருக்கு

1956-இல் வெளிவந்த மாரிஸ் மைனர் 1000 போன்ற பழைய வண்டிகளின் எஸ்.யு. கார்புரேட்டரைப் பிரிக்கத் துணியும் அன்பர்கள், மேல்மூடியும் உள்ளிருக்கும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று அளந்து பொருத்தப்பட்ட ஜோடியாதலின், மூடி அமர்ந்திருந்த திசையைக் குறித்துக்கொண்ட பின்னரே திருகுகளைக் கழற்றுவது உசிதம். திறந்த வெளியில் அமர்ந்து, பெட்ரோலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடைத்தாலே போதும். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கும் உற்சாகம் சர்வநாசத்தில் முடியும். மிதவையைக் காதருகே குலுக்கும்போது உள்ளே பெட்ரோல் சலசலத்தால் புதியது மாற்றுக. யாவற்றையும் பூட்டியபின், உயர்த்தி விட்ட பிஸ்டன் தடையின்றி இறங்கி 'டக்' என்ற சப்தத்துடன் அமரவேண்டும்; அமராவிடில், பெரும்பாலும் ஊசி வளைந்திருக்கும், அல்லது ஜெட் மையம் விலகியிருக்கும். பிஸ்டன் தண்டின் குழலில் மெல்லிய என்ஜின் எண்ணெய் சிறிது ஊற்ற மறவாதீர். பலர் இதைத்தான் விட்டுவிட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி திணறுகிறதென்று பாவம், பிளக்கைக் குறைகூறுகிறார்கள்.