இடைவெளிக்குப் பின் வகுப்பறை

கேள்வி: மனச்சோர்வால் தனியார் பள்ளி ஆசிரியர் வேலையை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மீண்டும் விண்ணப்பிக்கும்போது காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டுமா?

பதில்: நீங்களாக முன்வந்து நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்பதே என் கருத்து. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்களின் இரகசியத்தை உங்கள் உரிமையாக்கியிருக்கிறது. மறைப்பது நேர்மையா என்பீர்கள். ‘உடல்நலக் காரணம், இப்போது வேலைக்குத் தயார்’ என்பதில் பொய் எதுவும் இல்லை. படிவத்தில் நேரடியாகக் கேட்டிருந்தால் மட்டும் மாற்றி எழுதாதீர்கள். பிள்ளைகளின் பாதுகாப்பு என்று யாராவது இழுத்தால், அதற்கு மருத்துவரின் தகுதிச் சான்று போதும். என் கவலை வேறு: நூறு சதவீதத் தேர்ச்சி என்று விரட்டும் பத்தாம் வகுப்பை முதல் ஆண்டே ஏற்காதீர்கள். ஆறு, ஏழாம் வகுப்புகளைக் கேட்டு வாங்குங்கள். மருந்தை நிறுத்துவதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.