மருத்துவர் பற்றாக்குறை: நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

புறநோயாளர் பிரிவின் நீண்ட வரிசையில் நிற்கும் எவருக்கும் எழும் கேள்வி, “இன்னும் சில மருத்துவர்களை நியமிக்கக் கூடாதா?” என்பதே. கேள்வி நியாயமானது, விடை அத்தனை எளிதன்று. அதை அறிந்துகொள்வது, இருக்கும் மருத்துவ வசதியை முழுமையாகப் பயன்படுத்தவும் உதவும்.

பற்றாக்குறை என்றால் என்ன?

2030ஆம் ஆண்டளவில் உலகெங்கும் 1 கோடிக்குக் குறையாத சுகாதாரப் பணியாளர்கள் தேவைப்படுவர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. இதில் மருத்துவர் மட்டுமன்றிச் செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்பநர் முதலியோரும் அடங்குவர். மருத்துவம் ஒரு குழுவின் பணி. சிறந்த அறுவை மருத்துவர் ஒருவர் இருந்தும், மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் இல்லையெனில் அறுவைக்கூடம் பூட்டியே கிடக்கும். அப்போது நோயாளி வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார்.

எண்ணிக்கையைவிடப் பரவலே பெரிய சிக்கல். வல்லுநர்கள் பெருநகரங்களில் செறிந்துள்ளனர். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை சுமார் 45 கிலோமீட்டர் தொலைவே. ஆனால் சிப்காட் தொழிற்பேட்டையில் நாட்கூலி பெறும் ஒருவருக்கு அந்தப் பயணம் ஒரு நாள் ஊதியத்தை இழப்பதாகும். அதனாலேயே பலர் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மாத்திரைகளை இடையில் நிறுத்திவிடுகின்றனர். அந்த இடைவெளியின் விளைவு சில ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகத்திலும் இதயத்திலும் தெரியவருகிறது.

தமிழ்நாடு கண்ட வழிகள்

முதல் வழி, கல்லூரிகளைப் பெருக்குவது. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்துவைக்கப்பட்டன. திருவள்ளூர் அவற்றுள் ஒன்று. எனினும் இளநிலை மருத்துவப் படிப்பு, பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். முதுநிலைப் படிப்பு மேலும் மூன்று ஆண்டுகள். ஆகவே 2022இல் அங்கு வகுப்பில் அமர்ந்த மாணவர் வல்லுநராக வெளிவர 2030ஐயும் தாண்டும். கட்டடம் எழும்பிய வேகத்தில் மருத்துவர் உருவாவதில்லை.

இரண்டாவது வழி, கிராமப்புறப் பணிக்கு ஊக்கம் தருவது. அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 50 விழுக்காட்டைத் தமிழ்நாடு நெடுங்காலமாக ஒதுக்கி வந்தது. இத்தகைய ஒதுக்கீட்டை வழங்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு என உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 31 அன்று தீர்ப்பளித்தது. சிற்றூரில் பணியாற்றுவதால் மேற்படிப்பு கைநழுவிப் போகாது என்ற நம்பிக்கை, இளம் மருத்துவர்களை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ஈர்க்கிறது.

மூன்றாவது வழி, பணியைப் பகிர்ந்தளிப்பது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரைச் சுழற்சி முறையில் பணியமர்த்தியதால், இரவிலும் அங்கு மகப்பேறு பார்க்க முடிந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பயிற்சி பெற்ற பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரைகளை வழங்குகின்றனர். படுக்கையில் இருப்போருக்கு வலிதணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கின்றன. இத்திட்டம் 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதைப் பெற்றது. அதே ஆண்டில் தொழிலகங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. மாத்திரைக்காக மட்டும் வருவோர் வீட்டருகிலேயே அதைப் பெற்றால், மருத்துவரின் நேரம் கடுமையான நோயுற்றோருக்குக் கிடைக்கும்.

நாம் செய்யக்கூடியவை

1. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருப்பின், மாதாந்திர மருந்தை அருகிலுள்ள துணை சுகாதார நிலையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெறலாமா என உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டருகில் மருந்து கிடைத்தாலும், மருத்துவர் குறித்த நாளில் மறுபரிசோதனைக்குத் தவறாது வாருங்கள்.

2. தொழிற்சாலையில் பணிபுரிவோர், தங்கள் பெயர் இ.எஸ்.ஐ. திட்டத்தில் பதிவாகியுள்ளதா என உறுதிசெய்துகொள்ளுங்கள். பதிவு பெற்றவரின் குடும்பத்தினருக்கும் மருத்துவ உரிமை உண்டு.

3. பழைய மருந்துச் சீட்டுகள், ஆய்வக அறிக்கைகள், தற்போது உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரே உறையில் கொண்டு வாருங்கள். கேட்க வேண்டிய கேள்விகளை முன்னரே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவருடன் கிடைப்பது ஐந்து நிமிடமே எனினும், அது முழுப் பயன் தரும்.

4. தமிழ் அறியாத வெளிமாநிலத் தொழிலாளர் எவரேனும் உங்களுடன் பணிபுரிந்தால், அவருடைய மொழியும் தமிழும் அறிந்த ஒருவரை உடன் அனுப்பி வையுங்கள். நோயின் வரலாறு தெளிவாகக் கிடைப்பது பாதிச் சிகிச்சைக்குச் சமம்.

5. பிந்தி வந்தவர் முந்திப் பார்க்கப்பட்டால், அவருடைய நிலை அவசரமானது என உணருங்கள். நாளை அந்த இடத்தில் நம் வீட்டவர் இருக்கக்கூடும். செவிலியரிடமும் மருத்துவரிடமும் கடுஞ்சொல் பேசுவதோ கை ஓங்குவதோ, பிற நோயாளிகளுக்கான சிகிச்சையையும் தடுத்துவிடும். மருத்துவப் பணியாளர் மீதான வன்முறை, தமிழ்நாட்டின் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமுமாகும்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

மேற்கூறிய பொறுமை எல்லா நிலைக்கும் பொருந்தாது. மார்பு வலி, மூச்சுத்திணறல், திடீரென முகம் கோணுதல், ஒரு பக்கக் கைகால் செயலிழத்தல், பேச்சுக் குழறுதல், வலிப்பு, மிகுந்த இரத்தப்போக்கு ஆகியவை தோன்றினால் உடனே 108 எண்ணை அழையுங்கள். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். மருத்துவமனைக்கு நீங்களே வந்துவிட்டால் வரிசையில் நிற்காது, நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். அவசரமற்ற ஐயங்களுக்கு 104 எண்ணில் ஆலோசனை பெறலாம்.

பணியிடங்களை நிரப்புவது அரசின் கடமை; அதைக் கேட்பது மக்களின் உரிமை. அதுவரை, இருக்கும் மருத்துவரின் நேரம் எவருக்கு மிகத் தேவையோ அவருக்குக் கிடைக்கச் செய்வதில் நம் ஒவ்வொருவருக்கும் பங்குண்டு.