வெல்லாவெளியில் இருந்துகொண்டு கேம் ஆடுவது

யூடியூபில் தமிழில் கேமிங் பேசுகிறவர்கள் நிறையப் பேர். சென்னையிலும் கொழும்பிலும் இருந்துகொண்டு எந்த கிராபிக்ஸ் கார்ட் நல்லது, எந்த மொனிட்டர் வாங்கலாம், எந்தக் கதிரையில் இருந்தால் முதுகு வலிக்காது என்று விளக்கமாகச் சொல்கிறார்கள். அது அவர்களுடைய வீட்டுக்குச் சரி. வெல்லாவெளியில் இருந்து ஒரு நல்ல சார்ஜர் வாங்குவதென்றாலே போரதீவு தாண்டி, பட்டிருப்புப் பாலம் தாண்டி, களுவாஞ்சிகுடிக்குப் போகவேண்டும். அங்கேயும் கிடைக்காவிட்டால் தெற்கே கல்முனை, வடக்கே மட்டக்களப்பு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, இந்தப் படுவான்கரையில் கேம் ஆடி வளரும் பிள்ளைகளுக்கு, இங்கிருக்கிற கரண்ட், இங்கிருக்கிற சிக்னல், இங்கிருக்கிற யானை எல்லாவற்றையும் வைத்து யாராவது சொல்லித் தரவேண்டும் என்று கனகாலமாக எனக்கு ஆசை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் ஒழுங்கையில் டெஸ்க்டொப் வைத்திருந்தவர்கள் சும்மா இருந்தார்கள். லப்டொப் வைத்திருந்தவர்கள் பற்றரியில் படித்தார்கள், பிறகு ஆடினார்கள். அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: கிராமத்தில் முதல் கணினி லப்டொப்பாக இருக்கட்டும். அந்த வருடத்தோடுதான் ரவுட்டருக்கான சின்ன யூபிஎஸ் எங்கள் பக்கத்துக் கடைகளுக்கும் வந்தது. வாங்குமுன் ரவுட்டரின் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் அம்பியரையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பெரும்பாலும் 12 வோல்ட்தான். ஆனாலும் கடைக்காரர் ஊகிக்கக் கூடாது.

அடுத்தது இடி. சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரம் மேகம் கறுத்து வந்தால், மழைத்துளி விழுமுன்னே பிளக்கைக் கழற்றுங்கள். சுவிச்சை நிறுத்துவது போதாது. கூரையில் வெளி அன்டெனா பூட்டியிருந்தால் அந்த வயரையும் ரவுட்டரில் இருந்து கழற்றவேண்டும், மின்னல் அந்த வழியாலும் வரும். இப்படி எரிந்துபோன பொருளுக்கு எந்தக் கடையும் வாரண்டி தராது. எரிந்த தடம், துரு, உடைவு இருந்தால் வாரண்டி இல்லை என்று பில்லின் அடியிலேயே அச்சடித்திருப்பார்கள். வாவிப் பக்கத்து ஈரக்காற்றில் துருவும் கெதியாகப் பிடிக்கும் என்பதால், லப்டொப்பை மாரி காலத்தில் நிலத்திலோ சுவரோரமாகவோ வைக்காமல் உயரமான மேசையில் வைப்பது நல்லது.

சிக்னல் விசயத்தில் பொடியன்களிடம் ஒரு பிழையான நம்பிக்கை இருக்கிறது. கேம் இழுத்தால் போன் சரியில்லை, புதுப் போன் வாங்கவேண்டும் என்று வீட்டில் சண்டை பிடிக்கிறார்கள். நாங்கள் ஆடும் பல கேம்களின் சேர்வர் சிங்கப்பூரிலோ மும்பையிலோ இருக்கிறது. நீங்கள் வெல்லாவெளியில் சுடுகிற சூடு முதலில் மேற்கே கொழும்புக்கோ மாத்தறைக்கோ போய், அங்கிருந்து கடலடி கேபிளில் இறங்கி, திரும்பக் கிழக்கே சிங்கப்பூருக்குப் போகவேண்டும். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். இவ்வளவு வேகமிருந்தும் சிங்கப்பூருக்குப் போய்வரும் தூரத்துக்கு மட்டும் 30 மில்லிசெக்கன் அளவு பிடிக்கும். எந்தப் போன் வாங்கினாலும் அதற்குக் கீழே பிங் இறங்காது. பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு ஊரே ஒரு டவரில் தொங்குவதால் வரும் இழுவை வேறு. அதற்கு மருந்து விடிய எழும்பி ஆடுவது. ரவுட்டரை டவர் இருக்கும் திசையில், யன்னலோரம், ஆள் உயரத்துக்கு மேலே வைத்துப் பாருங்கள். காசு செலவில்லாமல் கிடைக்கும் முன்னேற்றம் அதுதான்.

இனி யானை. இதை நான் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும்.

2020, 2021இல் பாடசாலைகள் பூட்டிக் கிடந்தபோது சூம் வகுப்புக்குச் சிக்னல் தேடி வெட்டைக்கும் குளக்கட்டுக்கும் போகும் பழக்கம் பிள்ளைகளுக்கு வந்தது. வகுப்பு முடிந்தது, பழக்கம் முடியவில்லை. இப்போது கேமுக்காகப் போகிறார்கள், அதுவும் பொழுதுபட்ட பிறகு. போரதீவுப்பற்றில் காட்டோரக் கிராமங்களுக்கு யானை வருவது யாருக்கும் புதினமில்லை. தை, மாசியில் வேளாண்மை முற்றி வெட்டுக்கு நிற்கும்போது வயலுக்குள்ளேயே இறங்கும். யானை மரம் முறிக்கும் சத்தமும், நாய் குரைக்கும் விதமும், வயல் வாடியில் இருப்பவர் போடும் சத்தமும்தான் எங்களைக் காப்பாற்றுகிற எச்சரிக்கைகள். மூன்றையும் ஒரு ஹெட்செட் மறைத்துவிடும். என் அம்மம்மா போன் தொடத் தெரியாதவர். அவர் சொன்னதைவிட நல்ல அறிவுரை எந்தத் தொழில்நுட்பக்காரரும் எனக்குச் சொன்னதில்லை: "மகன், காதுல கிடக்கிறதக் கழட்டிப்போட்டுப் போ. ஆன வந்தா காதுதான் முதல்ல சொல்லும்."

ஆகவே பொழுதுபட்டால் வெளியில் ஹெட்செட் வேண்டாம். தனியாகக் குளக்கட்டுக்குப் போகவே வேண்டாம். வெளிச்சமான திரையைப் பார்த்துக்கொண்டு நடந்தால் கண் இருட்டுக்குப் பழக நேரம் எடுக்கும். கண் பழகாத அந்த நேரத்தில் முன்னால் நிற்பது மரமா யானையா என்று தெரியாது. போனில் சார்ஜ் 20 வீதத்துக்கு வந்தால் கேமை நிறுத்துங்கள், மிச்சம் கோல் எடுக்க. எங்கள் ஊர்க் குழுவில் "ஆன இறங்கிட்டுது" என்று குரல் செய்தி வந்தால் அதை ஆடி முடித்துவிட்டுக் கேட்பதில்லை என்று நண்பர்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம்.

எந்தக் கேம் என்று கேட்டால், இணையம் தேவையில்லாத கேம்களை ஊர்ப்பிள்ளைகள் மதிக்கவேண்டும் என்பேன். இஏ ஸ்போர்ட்ஸின் கிரிக்கெட் 07 வந்தது 2006இல். அதற்குப் பிறகு அந்த நிறுவனம் கணினிக்குக் கிரிக்கெட் கேம் வெளியிடவே இல்லை. ஆனாலும் ரசிகர்கள் புது வீரர்களைச் சேர்த்துச் சேர்த்து அதை இன்றுவரை உயிரோடு வைத்திருக்கிறார்கள், பழைய லப்டொப்பிலும் ஓடும். சான் அன்ட்ரியாஸும் அப்படித்தான். போனில் மினி மிலிஷியா போல, ஒருவர் ஹொட்ஸ்பொட் போட மற்றவர்கள் சேர்ந்து ஆடும் கேம்களுக்கு டேட்டாவே போகாது. திண்ணையில் நாலு பேர் பக்கத்தில் இருந்து, முகம் பார்த்துக் கத்தி ஆடும் ஆட்டத்துக்கு ஈடான ஓன்லைன் ஆட்டம் எதையும் நான் காணவில்லை.

ஸ்டார்டியூ வலி என்று ஒன்று, 2016இல் வந்த கமத்தொழில் கேம். எரிக் பரோன் என்ற ஒரு தனி ஆள் நாலு வருடத்துக்கு மேல் இருந்து படம், இசை, கோட் எல்லாம் தானே செய்தது. விதைப்பும் வெட்டும் தெரிந்த எங்கள் பிள்ளைகளில் ஒருவர், வாவியும் வட்டையும் வாடியும் வருகிற ஒரு கேமைச் செய்யவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதற்கு வேண்டிய கோடோ என்ற மென்பொருள் இலவசம், இறக்குவதற்கு ஒரு படம் பார்க்கும் டேட்டாவும் தேவையில்லை.

காசு பற்றிச் சுருக்கமாக. டயமண்டும் ஸ்கின்னும் வாங்க அம்மாவின் கார்ட்டை எடுக்காதீர்கள். கேம் ஐடி விற்கிறேன் என்று வருபவருக்கு முன்காசு அனுப்பாதீர்கள். ஓடிபி யாருக்கும் சொல்லாதீர்கள். கணக்கு பறிபோனால் கணினிப் பாதுகாப்பு அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101க்கு அழைக்கலாம்.

சாமான் வாங்க நகரத்துக்குப் போவதென்றால், கேபிள், ஹெட்செட், போன் கவருக்குக் கல்முனை போதும். லப்டொப்புக்கு நான் கொழும்பையே சொல்வேன். மட்டக்களப்பில் இரவு ரயில் ஏறினால் விடியக் கோட்டையில் இறங்கலாம். நிலையத்தை விட்டு வெளியே வரவேண்டாம், அங்கேயே கரையோரப் பாதை ரயில் மாறினால் கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, அடுத்தது பம்பலப்பிட்டி. கணினிக் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசா காலி வீதியில், மஜெஸ்டிக் சிட்டிக்குப் பக்கத்தில். விடியற்காலையில் கடை திறந்திருக்காது. ஒரு ஸ்டேசன் தள்ளி வெள்ளவத்தையில் இறங்கி, சொந்தக்காரர் வீட்டில் குளித்து, தோசை சாப்பிட்டு ஆறுதலாக வரலாம். ஞாயிறும் போயாவும் தவிர்த்து நாள் பாருங்கள்.

முதல் நாள் இரவே கடைகளின் விலைப்பட்டியலை இணையத்தில் எடுத்து போனில் வைத்திருங்கள். பழைய அலுவலக லப்டொப் என்றால் மூன்று விசயம். முதலாவது, இன்டெல் எண்ணில் ஐ5-8250யூ என்பதுபோல் கோட்டுக்குப் பின்னால் வரும் தலைமுறை எண் 8 அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, எட்டாம் தலைமுறைக்குக் கீழே மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் 11ஐ அங்கீகரிப்பதில்லை. இரண்டாவது எஸ்எஸ்டி. மூன்றாவது பற்றரி அறிக்கை. விண்டோஸே அதைத் தரும், எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதாக வரும்போது இருந்த கொள்ளளவில் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் வேறொன்றைக் கேளுங்கள். ஒரு வருட வாரண்டி என்று வாயால் சொன்னாலும் பில்லில் பெரும்பாலும் 350 நாள் என்றே இருக்கும். அந்தத் திகதியை அங்கேயே போனில் குறித்துக்கொள்ளுங்கள். பில் தர மறுக்கும் இடத்தில் வாங்கவேண்டாம். வாங்கியபின் பிரச்சினை வந்தால் நுகர்வோர் அதிகாரசபையின் எண் 1977.

2024 ஜனவரி முதலாம் திகதி வற் வரி 18 வீதமாகி, அதுவரை விலக்கு இருந்த போன்களுக்கும் வந்தபிறகு, வரி கட்டாமல் வந்த போன்கள் மலிவாகக் கிடைக்கின்றன. காசு கொடுக்குமுன் நட்சத்திரக்குறி, சதுரக்குறி, 06, சதுரக்குறி அழுத்தி வரும் 15 இலக்கத்தை, முன்னால் ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பதிவானதா என்று தொலைத்தொடர்பு ஆணைக்குழு பதில் அனுப்பும். முகம் சுளிக்கும் கடைக்காரரை விட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

தாமரைக் கோபுரத்துக்கும் காலிமுகத்திடலுக்கும் ஆசை இருந்தால் சாமான் வாங்குமுன் போய்விடுங்கள், புது லப்டொப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவது கஷ்டம். திரும்பும் ரயிலில் மேல் தட்டில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பில் பஸ் மாறி, விடிந்தபிறகு களுவாஞ்சிகுடியில் வந்து இறங்குகிறமாதிரி நேரம் பார்த்துக் கிளம்பினால் பாலம் தாண்டி வெல்லாவெளி பஸ்ஸைப் பிடிக்கலாம். பழைய போனைத் தம்பிக்கோ தங்கச்சிக்கோ கொடுப்பதென்றால் அதிலுள்ள கூகுள் கணக்கை நீக்கிய பிறகே ரீசெட் செய்யுங்கள். நீக்காமல் செய்தால் பழைய கடவுச்சொல்லைக் கேட்டு அது பூட்டிக்கொள்ளக்கூடும், திறக்க மறுபடியும் களுவாஞ்சிகுடிக்குப் போகவேண்டும்.