350 சி.சி. என்றால் என்ன? – புல்லட்டும் ராஜ்தூத்தும்

மோட்டார் சைக்கிள் வாங்குவோர் முதலில் கேட்பது, "எத்தனை சி.சி.?" என்பதுதான். அந்த எண் வண்டியின் குணத்தை எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதைப் பழைய வண்டிகள் இரண்டைக் கொண்டு பார்ப்போம். ஒன்று, 1955-இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் நம் சென்னைத் திருவொற்றியூரில் தயாரித்த புல்லட் 350. மற்றொன்று, ஜப்பானிய யமஹா ஆர்.டி. 350-ஐ ஒட்டி எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-இல் கொண்டுவந்த ராஜ்தூத் 350. (பால்காரர்கள் கேன்களைத் தொங்கவிட்டு ஓட்டிய ராஜ்தூத் 175 அல்ல, அது சாதுவான பிராணி.)

புல்லட்டுக்கு ஒரே சிலிண்டர். விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. பள்ளியில் படித்த உருளையின் கன அளவுச் சூத்திரத்தில் போட்டால் 346 சி.சி. வரும். ராஜ்தூத்துக்கு இரண்டு சிலிண்டர்கள். விட்டம் 64, தூரம் 54. கூட்டினால் 347. வேறுபாடு ஒரே ஒரு சி.சி.! ஆனால் புல்லட் தந்தது சுமார் 18 குதிரைத்திறன். ராஜ்தூத்தின் முதல் வண்டிகள் தந்ததோ சுமார் 30.

காரணம் என்ன? புல்லட் ஃபோர் ஸ்ட்ரோக். என்ஜின் இருமுறை சுற்றினால் ஒருமுறைதான் பெட்ரோல் கலவை எரியும். டூ ஸ்ட்ரோக்கான ராஜ்தூத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும், ஒவ்வொரு சிலிண்டரிலும் எரியும். நிமிடத்துக்கு 5,000 சுற்று என்று வைத்துக்கொண்டால் புல்லட்டில் 2,500 வெடிப்புகள், ராஜ்தூத்தில் 10,000. ஒவ்வொன்றும் பாதி அளவுதான் என்றாலும், சக்தி இரு மடங்காக வேண்டுமே? ஆவதில்லை. எரிந்த புகை வெளியேறும்போது புதுக் கலவையிலும் ஒரு பங்கு எரியாமலே போய்விடுகிறது. அந்த வண்டி பெட்ரோலைக் குடித்த ரகசியம் இதுதான்.

இன்னொரு வேடிக்கை. அதே 5,000 சுற்றில் புல்லட்டின் பிஸ்டன் சராசரியாக வினாடிக்கு 15 மீட்டர் ஓடுகிறது. ராஜ்தூத்தினுடையது 9 மீட்டர்தான். கீச்சிட்டுப் பறக்கும் வண்டியின் பிஸ்டன்தான் நிதானமாக நகர்கிறது! ஆகவேதான் அதனால் மேலும் வேகமாகச் சுழல முடிகிறது. புல்லட்டின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. நீண்ட ஸ்ட்ரோக்கும் கனமான ஃப்ளைவீலும் சேர்ந்து, மெதுவாகச் சுழலும்போதே பாரத்தை இழுக்கும். அதற்கு நான்கு கியர் போதும். ராஜ்தூத் குறைந்த சுழற்சியில் தூங்கிவழியும். ஒரு கட்டத்தைத் தாண்டியதும் பாயும். அந்தக் கட்டத்திலேயே வைத்திருக்கத்தான் ஆறு கியர்கள்.

பாய்வதைவிட நிற்பதில்தான் சிக்கல். ஆக்ஸிலேட்டரை விட்டதும் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின் தானே வண்டியை இழுத்துப் பிடிக்கும். டூ ஸ்ட்ரோக் அவ்வளவாகப் பிடிக்காது. போதாக்குறைக்கு, ஜப்பானிய வண்டியின் முன்சக்கரத்தில் இருந்த டிஸ்க் பிரேக்கை நம் நாட்டில் டிரம் பிரேக்காக மாற்றிவிட்டார்கள். வேகம் அல்ல, இந்தச் சிக்கனமே அந்த வண்டியின் பெருங்குறை என்பது என் கருத்து.

பழைய புல்லட் ஓட்டிப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் கியர் வலக்காலில், பின் பிரேக் இடக்காலில், ராஜ்தூத்தில் நேர்மாறு. அவசரத்தில் பழக்கதோஷத்தால் இடக்காலை அழுத்தினால் பிரேக் பிடிக்காது. கியர்தான் ஒன்று குறையும். வண்டியைக் கையில் வாங்கியவுடன் காலி மைதானத்தில் நாலைந்து நாள் ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள்.