எந்தக் கொயின் என்பதற்கு முன், எவ்வளவு

2022 மார்ச்சில் இலங்கை மத்திய வங்கி ரூபாவை மிதக்க விட்டபோது டொலர் 200 ரூபாவளவில் இருந்தது. மே மாதத்துக்குள் 360 ரூபாவைத் தொட்டது. வங்கியில் கிடந்த காசு கிடந்த இடத்திலேயே தேய்வதைப் பார்த்த பெடியள் கைபேசியில் டொலர் மதிப்போடு கட்டப்பட்ட யூஎஸ்டிடி கொயினை வாங்கப் பழகினார்கள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அங்கிருந்து கிரிப்டோ வியாபாரத்துக்குள் இறங்கியவர்களை நினைத்துத்தான் கவலை. எந்தக் கொயின் ஏறும் என்று திருநெல்வேலிச் சந்தியில் கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். ஒரு தரத்துக்கு எவ்வளவு போடுகிறாய் என்று கேட்டால், "கையில இருக்கிறதைப் பொறுத்து" என்பார்கள். போட்ட முதல் அழிவது அந்தப் பதிலில்தான்.

நம்பிக்கை: கணிப்புச் சரியாக இருந்தால் காசு தப்பும்.

உண்மை: சரிபாதி தரம் கணிப்புப் பலிக்கிற ஒருவர் நூறு தரம் வாங்கி விற்றால், இடையில் எங்காவது தொடர்ந்து ஆறு தோல்வி வருவதற்கான வாய்ப்பு பாதிக்கும் மேல். அதைக் கெட்ட காலம் என்று சொல்லத் தேவையில்லை; நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் இப்படித்தான் வரும். இருவரிடம் முதலாகத் தலா 3 இலட்சம் ரூபா இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு தோல்வியிலும் இருப்பதில் 20 சதவீதத்தை விடுகிறவரிடம் ஆறாவது தோல்விக்குப் பிறகு ஏறத்தாழ 78,600 ரூபா மிஞ்சும். 1 சதவீதத்தை விடுகிறவரிடம் 282,000க்கு மேல் இருக்கும். பழைய இடத்துக்குத் திரும்ப இவருக்கு 6 சதவீதத்துக்குச் சற்று மேலான இலாபம் போதும். மற்றவர் மிஞ்சிய காசை ஏறக்குறைய நாலு மடங்காக்க வேண்டும். இருவரின் கணிப்புத் திறமையும் ஒன்றேதான்.

இந்த 1 சதவீதத்தைப் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். 3 இலட்சத்தில் 1 சதவீதம் 3,000 ரூபா என்றால், 3,000 ரூபாவுக்குத்தான் வாங்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அந்த 3,000 வாங்குகிற தொகையல்ல, தோற்றால் போகிற தொகை. பிட்கொயினை 100,000 டொலரில் வாங்கி, 95,000க்கு இறங்கினால் விற்றுவிடுவது என்று ஸ்டொப் லொஸ் வைக்கிறீர்கள். இடைவெளி 5 சதவீதம். 3,000 ரூபா எந்தத் தொகையின் 5 சதவீதம்? 60,000. அதுதான் வாங்கும் அளவு. தாறுமாறாக ஆடுகிற ஒரு சிறு கொயினுக்கு ஸ்டொப் லொஸ் 20 சதவீதம் தள்ளி இருக்க வேண்டுமென்றால் அதே 3,000க்கு 15,000 ரூபாவுக்குத்தான் வாங்கலாம். ஆட்டம் கூடக் கூட அளவு குறைய வேண்டும். ரெலிகிராம் குறூப்பில் சிக்னல் பார்த்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நேர்மாறாகத்தான் செய்கிறார்கள்: ஆடுகிற கொயினுக்குத்தான் ஆசையும் அதிகம், காசும் அதிகம்.

நம்பிக்கை: ஸ்டொப் லொஸ் இருக்கிறது, லெவரேஜ் எவ்வளவு எடுத்தாலும் பயமில்லை.

உண்மை: 30,000 ரூபாவை ஈடாக வைத்துப் பத்து மடங்கு எடுத்தால் நீங்கள் சுமப்பது 3 இலட்சம். விலை 10 சதவீதம் எதிராகப் போய்ச் சேருவதற்கு முன்பே எக்ஸ்சேஞ்ச் அதை மூடி, ஈட்டை எடுத்துவிடும். கிறொஸ் மார்ஜின் முறையில் வைத்திருந்தால் அந்தக் கணக்கில் கிடக்கும் மிச்சக் காசும் சேர்ந்தே போகும். 2025 ஒக்டோபர் 10 அன்று சீனப் பொருட்களுக்குப் புதிய வரி என்று ட்ரம்ப் அறிவித்தபோது இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. ஒரு நாளுக்குள் 1,900 கோடி டொலருக்கு மேற்பட்ட லெவரேஜ் வியாபாரங்கள் வலுக்கட்டாயமாக மூடப்பட்டன. சில சிறு கொயின்கள் நிமிடக்கணக்கில் பாதிக்கு மேல் விழுந்தன. அப்படி விழும்போது ஸ்டொப் லொஸ் நீங்கள் வைத்த விலையில் நிறைவேறும் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் இல்லை.

பல கொயின்களில் பிரித்துப் போட்டேன் என்பதும் அந்த இரவில் ஒருவரையும் காப்பாற்றவில்லை. ஒன்றாக விழுகிற ஐந்து கொயினில் தலா 1 சதவீதம் வைத்தால் அது 5 சதவீதத்தில் ஒரே வியாபாரம்தான்.

நம்பிக்கை: இறங்க இறங்க வாங்கினால் சராசரி விலை குறையும்.

உண்மை: குறையும், அதோடு அளவும் ஏறும், தோற்றுக்கொண்டிருக்கிற இடத்திலேயே. 2022 மே தொடக்கத்தில் லூனா என்ற கொயின் 80 டொலரளவில் இருந்தது. 40க்கும் 10க்கும் 1க்கும் "மலிவு" என்று வாங்கிச் சேர்த்தவர்கள் இருந்தார்கள். மாத நடுப்பகுதியில் அது ஒரு சதத்தின் சிறு பின்னமாகிவிட்டது.

நம்பிக்கை: விற்று யூஎஸ்டிடியில் வைத்தால் இழப்பே இல்லை.

உண்மை: சுன்னாகம் சந்தையில் டொலர் கொடுத்து மரக்கறி வாங்க முடியாது. 2022 முடிவில் 363 ரூபாவாக இருந்த டொலர் 2023 முடிவில் 324. ஒரு வியாபாரமும் செய்யாமல் சும்மா வைத்திருந்தவருக்கும் ரூபாவில் 10 சதவீதத்துக்கு மேல் நட்டம். ரூபாவில் கடன் பட்டவர் இதையும் கணக்கில் எழுத வேண்டும். அம்மாவின் சங்கிலியை அடைவு வைத்த காசென்றால் வட்டி நாளாந்தம் ஓடுகிறது, மீட்கும் தவணையும் இருக்கிறது. விலை திரும்பும்வரை பொறுத்திருக்கலாம் என்ற வசதி அந்தக் காசுக்குக் கிடையாது.

நாளுக்கு இவ்வளவு வீதம் நிச்சயம் என்கிற திட்டங்களுக்கு இந்த அளவுக் கணக்கு எதுவும் பொருந்தாது. ஸ்போர்ட் செயின், ஒன்மெக்ஸ் டிடி இரண்டையும் மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. அங்கே போட்டது முழுவதும் ஆபத்தில் இருப்பதுதான்.

நேர்மையான எக்ஸ்சேஞ்ச் என்று நம்பப்பட்டதற்கும் இது நேரலாம். உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இருந்த எஃப்டிஎக்ஸ் 2022 நவம்பர் 11 அன்று வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. கிரிப்டோ தொழிலுக்காக எந்த நிறுவனத்துக்கும் தான் அனுமதி வழங்கவில்லை என்றும், வங்கி அட்டைகளை இதற்குப் பயன்படுத்தக்கூடாது என்றும் நமது மத்திய வங்கி எச்சரித்திருக்கிறது. ஆகவே 1 சதவீதக் கணக்குக்கு முன்னால் இன்னொரு கணக்கு இருக்கிறது: எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்புகிற மொத்தத் தொகை. அது முழுவதும் திரும்பி வராவிட்டாலும் வீட்டு வாடகையும், பிள்ளையின் ரியூசன் காசும், அடைவு வட்டியும் அந்த மாதம் தடைப்படக் கூடாது.